இருபத்தேழாம் திகதி லீவு

சிறீதரன் தன் பெயரை எழுதியிருந்த இடத்தில் யாரோ வெள்ளை மை பூசியிருந்தார்கள்.

வேலைத் தொப்பியைக்கூடப் போடாமல் அவர் அறிவித்தல் பலகையின் முன்னால் நின்றார். ஹனோவர் நகரின் அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பலகையில் ஒரு தாள் ஏறும். மேலே 'வைநாக்ட்ஸ் ஊர்லவுப்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். நத்தார் விடுமுறை, அதாவது கிறிஸ்துமஸ் லீவு என்று அர்த்தம். டிசம்பர் இருபத்துநான்கு முதல் ஜனவரி ஆறு வரைக்குள் லீவு வேண்டியவர்கள் கீழே பெயரையும் திகதியையும் எழுத வேண்டும். சிறீதரன் இந்த வருடம்தான் முதன்முறையாக எழுதினார். அதைத்தான் அழித்திருந்தார்கள்.

"காலை வணக்கம், சிறீதரன்!" என்று பின்னால் ஒரு குரல். சமையலறைத் தலைவி பிறவ், அதாவது திருமதி, கெஸ்லர். "யாரோ விளையாட்டுக்கு உங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், நானே அழித்துவிட்டேன்."

"நான்தான் எழுதினேன்."

"நீங்களா? இது நத்தார் விடுமுறை. நீங்கள்தான் நத்தார் கொண்டாடுவதில்லையே!"

குற்றம் அவருடையதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நல்ல பெயர் எடுக்கும் ஆசையில், "நான் இந்து, எனக்கு நத்தார் இல்லை, நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள், நான் நிற்கிறேன்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். பிழையில்லாமல் அவர் பேசிய முதலாவது நீண்ட வாக்கியம் அது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு ஒருவரும் மறக்கவேயில்லை.

"இருபத்தேழாம் திகதி ஒரு நாள் மட்டும் போதும். அன்றைக்கு விக்டர் நிற்கிறான்தானே?"

விக்டர் ரஷ்யாவிலிருந்து வந்தவன். அவனுடைய நத்தார் ஜனவரி ஏழு. அதனால் அவன் எப்போதும் புதுவருடத்துக்குப் பிறகுதான் லீவு எடுப்பான். நிரந்தர ஊழியர் ஒருவராவது சமையலறையில் நிற்க வேண்டும் என்பதுதான் இல்லத்தின் விதி. அந்த ஒருவர் விக்டராக இருந்தால் யாருக்கு என்ன?

"அது சரி," என்றார் பிறவ் கெஸ்லர். "ஆனால் தலைப்பு நத்தார் விடுமுறை. கொண்டாடாதவருக்குக் கொடுத்தால் ஊழியர் சபை கேள்வி கேட்கும். நான் யோசிக்கிறேன்."

அவர் யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம். அது சிறீதரனுக்குத் தெரியும்.

டிசம்பர் இருபத்தேழு, சனிக்கிழமை, மகள் வேணுஜாவின் மிருதங்க அரங்கேற்றம். ஒன்பது வருடம் பழகிய பிள்ளை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறியிருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் ஒன்றாக லீவு கிடைப்பது அந்த வாரத்தில்தான் என்று நாள் குறித்தார்கள். மண்டபம் பிடித்தாயிற்று. அழைப்பிதழும் போயிற்று. அதில் 'தங்கள் வரவை அன்புடன் நாடும் சிறீதரன், சந்திரகாந்தி' என்று அச்சடித்திருந்தது. நாடுகிறவரே வராமல் போகிற நிலைமை.

மனைவி சந்திரகாந்தியின் கைபேசியில் இருபத்திரண்டு டிசம்பரின் படங்கள் இருந்தன. மச்சாள் மகனின் பிறந்தநாள், தம்பியின் வீடு குடிபுகல், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றிலும் சந்திரகாந்தி ஓரத்தில் நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சிறீதரனுக்கு வெட்கமாக இருக்கும். துக்கமாகவும் இருக்கும்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அந்தோனிப்பிள்ளை காத்துக்கொண்டு நின்றான். அந்தச் சமையலறையின் மற்றத் தமிழன். கத்தோலிக்கன். ஆகவே நத்தாருக்கு முழு உரித்துள்ளவன்.

"என்னண்ணை, கெஸ்லர் மனிசி என்ன சொல்லுது?"

"நத்தார் எண்ட தலைப்புக்குக் கீழ என்ர பேர் வரேலாதாம்."

"அப்ப தலைப்பை மாத்தச் சொல்லுங்கோ. குளிர்கால விடுமுறை எண்டு போட்டா விசயம் முடிஞ்சுது. குளிர் எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணை? உங்களுக்கென்ன தனியாக் குளிருதோ?"

சிறீதரனுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. அன்றைக்கே போய்ச் சொன்னார். பிறவ் கெஸ்லர் போன மாதம்தான் 'பல பண்பாடுகள், ஒரு பணியிடம்' என்ற பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே படித்ததை எங்கே பாவிப்பது என்று தெரியாமல் இருந்தார். சிறீதரன் சொல்லி முடிக்க முதலே அவருடைய கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவில்லையே, சிறீதரன்!"

மறுநாள் பழைய தாள் போய்ப் புதிய தாள் வந்தது. 'வின்டர் ஊர்லவுப்.' குளிர்கால விடுமுறை. பக்கத்தில் ஒரு பனிப்பொம்மைப் படமும் ஒட்டியிருந்தது.

சிறீதரன் பேனாவோடு போனபோது அங்கே விக்டரின் பெயர் இருந்தது. இருபத்துநான்கு முதல் ஆறு வரை முழுவதுமாக.

"விக்டர், நீ ஜனவரியில்தானே போவாய்?"

"அது நத்தாருக்கு. எனக்கு நத்தார் ஜனவரியில். இது குளிர்காலம்." விக்டர் நெஞ்சில் கை வைத்தான். "ரஷ்யாக்காரனுக்குக் குளிர்காலம் பற்றி நீ சொல்லித்தரப் போகிறாயா?"

அவனுக்குக் கீழே துருக்கிக்காரி நெவின் எழுதியிருந்தாள். அந்தோனிப்பிள்ளையும் எழுதியிருந்தான். எல்லோருக்கும் மேலே பிறவ் கெஸ்லரின் பெயர் இருந்தது. நிற்பதற்கு மிச்சமாக இருந்தது சிறீதரன் ஒருவர்தான். நேற்றுவரை விக்டராவது இருந்தான்.

"நீர் குடுத்த யோசனை," என்றார் அந்தோனிப்பிள்ளையிடம்.

"பதறாதேங்கோ அண்ணை. விக்டர் தனிக்கட்டை. குடும்ப விடுமுறை எண்டு மாத்தச் சொல்லுங்கோ. தனிக்கட்டை தானா விழுந்திடுவான்."

பிறவ் கெஸ்லர் இதற்கும் மகிழ்ந்தார். குடும்பம் என்ற சொல்லில் யாருக்கும் மனம் நோகாது என்றார். ஆனால் குடும்பம் என்றால் யார் என்று விளக்கமாக இருக்க வேண்டும் அல்லவா? ஊழியர் சபையோடு கூடிப் பேசி ஒரு படிவம் தயாரித்தார். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முதல் உரிமை. வயதான பெற்றோரைப் பார்ப்பவர்களுக்கு இரண்டாம் உரிமை. பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மூன்றாம் உரிமை.

நெவினுக்கு மூன்று பிள்ளைகள். அந்தோனிப்பிள்ளையின் மகன் ஏழாம் வகுப்பு. விக்டர் எண்பத்துநான்கு வயதுத் தாயின் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். பிறவ் கெஸ்லருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். வேணுஜாவுக்கு வயது பத்தொன்பது.

அன்று பின்னேரம் சிறீதரன் வீட்டில் விசயத்தைச் சொன்னார். சந்திரகாந்தி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் படிவத்தின்படி உங்களுக்குக் குடும்பமே இல்லையோ?"

"படிவத்தின்படி இல்லை."

"அப்ப நான் ஆர்?"

"அதுக்கு அதில ஒரு கட்டம் இல்லையப்பா."

சந்திரகாந்தி மறுபடி வெட்டத் தொடங்கினாள். வெங்காயம்தான் பாடுபட்டது.

இனி அந்தோனிப்பிள்ளையிடம் யோசனை கேட்பதில்லை என்று முடிவுசெய்த சிறீதரன், மூன்றாவது யோசனையைச் சொந்தமாகவே கண்டுபிடித்தார். அதுதான் எல்லாவற்றிலும் மோசமாகப் போனது. அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று, அவரவர் பண்டிகைக்கு அவரவருக்கு விடுமுறை என்று வைத்தால் எப்படி, பெயரும் 'பண்டிகை விடுமுறை' என்று இருக்கட்டும் என்றார். தன் பண்டிகை இருபத்தேழாம் திகதி வருகிறது என்று மெல்ல நுழைத்துவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

பிறவ் கெஸ்லர் பாய்ந்துவந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு நாள் கழித்து மேலிடம் கையெழுத்திட்டு முத்திரை குத்திய பட்டியல் பலகையில் ஏறியது. நத்தார் கொண்டாடுபவர்களுக்கு நத்தார். விக்டருக்குத் தன் நத்தாரோடு புதுவருடமும், அதற்கு ஆயத்தம் செய்ய டிசம்பர் இருபத்தேழு முதல் முழு நாட்களும். நெவினுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு. கடைசி வரியில், சிவப்பு மையில்: 'சிறீதரன், தைப்பொங்கல், ஜனவரி 15.'

"நானே இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன்," என்றார் பிறவ் கெஸ்லர். "நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பண்டிகை விடுமுறை உறுதி. இனி ஒருவராலும் மாற்ற முடியாது."

அந்தோனிப்பிள்ளை வந்து வாசித்தான். "ஜேர்மனியில பொங்கலுக்கு முத்திரை குத்தி லீவு வாங்கின முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. பேப்பருக்குக் குடுப்பமே?"

சிறீதரனுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கையில் கரண்டியும் இருந்தது. ஆனால் நூற்றிருபது பேருக்குச் சூப் கிண்ட வேண்டிய கரண்டி அது.

வீட்டில் வேணுஜா மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஹனோவரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"அப்பா, நீங்கள் அவையிட்ட என்ர அரங்கேற்றம் எண்டு சொன்னனீங்களோ?"

சிறீதரன் கதிரையின் விளிம்பைப் பார்த்தார்.

"ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? அதுக்கு டொச்சுப் பாஷையில சொல் இல்லை. நீ பெரியபிள்ளையாகி உன்ர சாமத்தியவீட்டுக்கு லீவு கேக்கேக்க அரை மணித்தியாலமா விளங்கப்படுத்தினனான். கடைசியா மனிசி என்ன கேட்டது தெரியுமே? பிள்ளையை டொக்டரிட்டக் காட்டினனீங்களோ எண்டு."

"சொல் இல்லாட்டில் தமிழ்ச் சொல்லையே எழுதுங்கோ. விளங்காட்டில் அவை கேப்பினம். கேட்டா நீங்கள் சொல்லுங்கோ. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் சிறீதரன் விடுமுறை விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், ஜேர்மன் எழுத்தில், 'அரங்கேற்றம்' என்று பெரிதாக எழுதி பிறவ் கெஸ்லரின் மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றினார். மறுபடியும் போட்டார்.

"இது என்ன பண்டிகை?"

"பண்டிகை இல்லை."

"மதமா?"

"மதமும் இல்லை."

"காலநிலையோடு சம்பந்தமா?"

"இல்லை. என் மகள் ஒன்பது வருடம் மிருதங்கம் பழகினாள். இருபத்தேழாம் திகதி நானூறு பேருக்கு முன்னால் மேடையில் இருந்து மூன்று மணித்தியாலம் வாசிக்கப் போகிறாள்." அவருடைய குரல் அவரையும் கேட்காமல் உயர்ந்தது. "நான் முன்வரிசையில் இருக்க வேண்டும். இத்தனை வருடமாக ஒரு டிசம்பர்ப் படத்திலும் நான் இல்லை, பிறவ் கெஸ்லர். உங்களுக்கெல்லாம் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் நான் இருக்க வேண்டும்."

அடுப்படியில் சத்தம் நின்றது. விக்டரும் நெவினும் கதவடியில் வந்து நின்றார்கள்.

"கல்யாணம் மாதிரியா?" என்று பிறவ் கெஸ்லர் மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணத்தை விடப் பெரிது. கல்யாணத்தை இந்தக் காலத்தில் இரண்டு தரமும் செய்கிறார்கள். அரங்கேற்றம் ஒருவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான்!"

அது அவர் பிழையில்லாமல் பேசிய இன்னொரு நீண்ட வாக்கியம்.

பிறவ் கெஸ்லர் பேனாவை எடுத்தார். "முத்திரை குத்திய பட்டியலை நான் மாற்ற முடியாது. ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவை நடக்கும் குடும்ப நிகழ்வுக்கு விசேட விடுமுறை என்று ஒன்று இருக்கிறது. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இருபத்தேழாம் திகதி சமையலறையில் நான் நிற்கிறேன்."

"உங்கள் நத்தார்?"

"நான் தேவாலயத்திலிருந்து விலகி முப்பது வருடம். நத்தாருக்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டைபிடித்துவிட்டு வருவேன். இந்த முறை ஒரு நாள் குறைவாகச் சண்டைபிடிக்கிறேன்."

இருபத்தேழாம் திகதி மண்டபம் நிரம்பி வழிந்தது. சிறீதரன் பட்டு வேட்டி கட்டி, முன்வரிசையில், சந்திரகாந்திக்குப் பக்கத்தில் இருந்தார். வேணுஜா கடைசிக் கோர்வையை மூன்றாம் தடவையும் வாசித்துத் தாளம் தப்பாமல் சமத்தில் வந்து முடித்தபோது நானூறு பேரும் எழும்பிவிட்டார்கள். சிறீதரன் எழும்பவில்லை. அழுதுகொண்டிருந்தார். பிறகு எழும்பி எல்லோரையும் விடக் கூடுதலாகக் கைதட்டினார். படமெடுக்கிறவர் கூப்பிட்டபோது ஓடிப்போய் நின்றார். சந்திரகாந்திக்குப் பக்கத்தில் இருந்த இடம் நிரம்பியது.

லீவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நெவின் பிள்ளைகளோடு வந்தாள். விக்டர் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து பதினொரு வடை சாப்பிட்டான். அந்தோனிப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் எது என்ன என்று விளக்கிக்கொண்டு திரிந்தான். பாதி பிழை.

"இவ்வளவு சொந்தமும் சாப்பாடும் ஒரே நாளில்," என்றான் விக்டர். "எங்கள் நத்தாரில் இது இல்லை."

கதிரைகளை அடுக்கும்போது சந்திரகாந்தி கேட்டாள். "இஞ்சருங்கோ, கெஸ்லர் மனிசியிட்ட என்னெண்டு சொன்னனீங்கள்? ஒராளுக்கு ஒருக்காத்தான் எண்டோ?"

"ஓம். அப்பிடிச் சொன்னதாலதான் கிடைச்சது."

"ம்," என்றாள் சந்திரகாந்தி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரே மாற்றம், தை மாதத்திலிருந்து சந்திரகாந்தி புதன்கிழமைகளில் வீணை வகுப்புக்குப் போகத் தொடங்கியதுதான். மகளின் வாசிப்பைக் கேட்டு மனிசிக்கும் கலை ஊறிவிட்டதாக்கும் என்று சிறீதரன் நினைத்தார். பத்து மாதமாக ஸரிகம வரிசையைத் தவிர வேறொன்றும் ஊறவில்லை. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தரம் தடியால் முகட்டில் தட்டினார். சிறீதரன் பொறுத்துக்கொண்டார்.

மறு நவம்பரில் பலகையில் புதிய தாள் ஏறியது. சிறீதரன் தலைப்பை வாசித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

'அரங்கேற்றம் ஊர்லவுப்.'

"இதைவிட நல்ல பெயர் கிடைக்காது," என்றார் பிறவ் கெஸ்லர் பெருமையாக. "மதம் இல்லை, காலநிலை இல்லை, பிள்ளைக்கு வயதெல்லை இல்லை. ஒருவருக்கும் மனம் நோகாது. ஊழியர் சபைக்கும் பிடித்துவிட்டது. குடும்பத்தில் ஒருவர் ஏதாவது வாசித்தால் போதும்."

கீழே எல்லோரும் எழுதியிருந்தார்கள். விக்டரின் தாய் பலலைக்கா என்ற ரஷ்யத் தந்திவாத்தியம். நெவினின் மூத்தவன் தாளக்கருவி. அந்தோனிப்பிள்ளையின் மகன் குழல், 'இரண்டு பாட்டு' என்ற குறிப்போடு. பிறவ் கெஸ்லரின் பேத்தி பியானோ. எல்லா அரங்கேற்றமும் டிசம்பர் இருபத்துநான்கிலிருந்து ஜனவரி ஆறுவரை.

சிறீதரனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் அவர்களுடைய சொல்லுக்குள் நுழைய வழி தேடினார். இப்போது அவர்கள் அவருடைய சொல்லுக்குள் வரிசையில் நிற்கிறார்கள். பலகையைப் படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். ரொறன்ரோவிலிருந்து உடனே பன்னிரண்டு கைதட்டல் வந்தது. பிறகு தன் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார்.

"சிறீதரன், என்ன செய்கிறாய்?" என்றான் விக்டர்.

"பெயர் எழுதுகிறேன்."

"உன்னுடையது முடிந்துவிட்டதே! கல்யாணத்தை இரண்டு தரம் செய்யலாம், அரங்கேற்றம் ஒருவருக்கு ஒரு தடவைதான். நீதான் சொன்னாய். நாங்கள் எல்லோரும் கேட்டோம்."

பிறவ் கெஸ்லர் தாளின் அடியைக் காட்டினார். அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அங்கே பொடி எழுத்தில் 'ஒருவருக்கு ஒரு தடவை' என்று இருந்தது. சிறீதரன் பிழையில்லாமல் பேசிய இரண்டு வாக்கியங்களும் அவரையே பிடித்துவிட்டன.

வீட்டுக்கு வந்தபோது சந்திரகாந்தி வீணையோடு இருந்தாள். சிறீதரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் சொல்லி முடித்தார்.

"இந்த நத்தாருக்கும் நான் சூப்போடதான். வேணுஜாவுக்கு ஒருக்கா முடிஞ்சுதாம். இனி எங்களுக்கு இல்லையாம்."

சந்திரகாந்தி தந்தியிலிருந்து விரலை எடுத்தாள்.

"வேணுஜாவுக்குத்தானே முடிஞ்சுது? நான் பின்ன ஏன் தையில இருந்து இதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சனீங்கள்?"